துயரத்துக்கு மாநில எல்லை உண்டா?

நம்மூரில் செட்டில்மெண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது சார்பதிவாளர் அலுவலகம்தான். தந்தை மகளுக்கோ மகனுக்கோ வீட்டை எழுதிவைக்கும் பத்திரத்துக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் இதே சொல்லுக்கு நேர்மாறான ஒரு வாழ்க்கை இருக்கிறது. அங்கே மனக்கசப்பின் காரணமாக இருவர் ஒரு மேசைக்கு வந்து அமர்கிறார்கள். ஒருவர் மருத்துவமனையில் கண்ணையோ காலையோ கணவனையோ குழந்தையையோ இழந்தவர். மற்றவர் அந்த மருத்துவரின் காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர். வழக்கு ஜூரியின் முன் போவதற்குள் ஒரு தொகைக்கு உடன்படுகிறார்கள்; கையெழுத்தாகிறது; கோப்பு மூடப்படுகிறது. பத்திரப் பதிவோடு குழப்பிக்கொள்ளாமலிருக்க, இதனை நான் சமரசம் என்றே குறிப்பிடுகிறேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது இரு தரப்பாருக்கு இடையிலான பேரம். சந்தையில் மாடு வாங்குகிறவர்கள் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவதைப் போல, அவர்களுக்குள் முடிந்துபோகிற விவகாரம். ஆனால் அந்த மேசையில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாமவர் ஒருவரும் அமர்ந்திருக்கிறார். அவர் அந்த மாநிலத்தின் சட்டமன்றம். எவ்வளவு கேட்கலாம், யார் கேட்கலாம், எத்தனை நாள்களுக்குள் கேட்கவேண்டும், கேட்பவருக்கு வழக்கறிஞர் கிடைப்பாரா, மருத்துவர் 'வருந்துகிறேன்' என்று சொன்னால் அது அவருக்கு எதிரான சாட்சியமாகுமா என்பவை எல்லாம், காயம்பட்டவர் மருத்துவமனைக்குள் காலடி வைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டுவிட்டன. மீதமிருப்பது கொஞ்சம் கணக்கு.

தமிழ் படித்துத் தமிழ் கற்பிக்கிற ஒருவனுக்கு அமெரிக்க இழப்பீட்டுச் சட்டத்தில் என்ன வேலை என்று இங்கே வரும் நண்பர்கள் கேட்கக்கூடும். இரண்டு காரணங்கள் உண்டு. சட்டமும் சொற்களால் ஆனது. வலி, துணையிழப்பு, துயரம் ஆகிய சொற்களை எடுத்து, அவற்றுக்கு எல்லை வகுத்து, எண்ணாக மாற்றும் ஓர் உரைநடை அது. உரையாசிரியர்களோடு வாழ்நாளைக் கழிக்கும் எவருக்கும் அந்த உரைநடையைக் கண்டால் கை சும்மா இருக்காது. இரண்டாவது காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஒருவர் கவனக்குறைவால் மற்றவருக்குத் தீங்கு செய்தால் அதற்கான பரிகாரம் பெரும்பாலும் மாநிலங்களின் சட்டத்துக்கு உட்பட்டது. ஐம்பது மாநிலங்கள், ஐம்பது வகை. பென்சில்வேனியாவின் அரசியலமைப்பு இழப்பீட்டுக்கு உச்சவரம்பு விதிப்பதையே தடைசெய்கிறது. இண்டியானாவில் மொத்தத் தொகைக்கே உச்சவரம்பு. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் ஒரு பகுதிக்கு மட்டும். இல்லினாயிலும் ஜார்ஜியாவிலும் சட்டமன்றம் உச்சவரம்பு விதித்தது. இரு மாநில உச்ச நீதிமன்றங்களும் 2010-இல் அதை ரத்துசெய்தன. ஆற்றின் இக்கரையில் நடந்த அதே தவறான அறுவைச் சிகிச்சைக்கு அக்கரையில் வேறு விலை.

வழக்குகளில் மிகச் சிலவே தீர்ப்பு வரை செல்கின்றன என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளவேண்டும். 2006-இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு, முடிக்கப்பட்ட 1,452 கோரிக்கைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 15 சதவீதமே விசாரணைத் தீர்ப்பால் முடிந்தவை. எனவே ஜூரிகள் வாரி வழங்கும் கோடிகளைப் பற்றிய செய்திகள் நமக்குத் தரும் சித்திரம் அரைகுறையானது. சட்டம் உண்மையில் வேலை செய்யும் இடம் சமரசம் பேசும் அறை. நீதிமன்றத்துக்குப் போனால் அதிகபட்சம் என்ன கிடைக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்கும். அந்த அதிகபட்சத்திலிருந்துதான் பேரம் கீழ்நோக்கி இறங்குகிறது.

இந்தக் கதையின் தொடக்கம் 1975. அவ்வாண்டு கலிபோர்னியாவில் மருத்துவர்கள் செலுத்தவேண்டிய காப்பீட்டு பிரீமியம் திடீரென்று பன்மடங்கு ஏறியது. மயக்கமருந்து நிபுணர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆளுநர் ஜெர்ரி பிரௌன் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். விளைந்ததுதான் 'மைக்ரா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம். இழப்பை அது இரண்டாகப் பிரித்தது. சம்பள இழப்பு, மருத்துவச் செலவு முதலியவை பொருள் இழப்பு; அவற்றுக்கு வரம்பில்லை. வலி, ஊனம், அவமானம், துணையிழப்பு ஆகியவை பொருள்சாரா இழப்பு. அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 2.5 லட்சம் டாலருக்கு மேல் கிடையாது.

இந்தப் பிரிவினையை முதலில் படிக்கும்போது நியாயமாகவே தோன்றும். எண்ணக்கூடியதை எண்ணு, எண்ணமுடியாததற்கு ஓர் எல்லை வை. ஆனால் யாருக்கு எது இழப்பு என்று கேட்டுப் பாருங்கள். நாற்பது வயது மென்பொருள் அதிகாரி படுத்தபடுக்கையானால் அவர் சம்பளமே பெருந்தொகையாகிவிடும். எழுபது வயதுப் பாட்டிக்குச் சம்பளம் இல்லை. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டு இல்லை. பிறந்து மூன்று நாளே ஆன குழந்தை இறந்துபோனால் வருங்கால மருத்துவச் செலவுகூட இல்லை. அவர்கள் இழந்தது எல்லாமே இரண்டாவது பெட்டிக்குள் வந்து விழுகிறது. அந்தப் பெட்டிக்கு மட்டுந்தான் மூடி.

சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளில் முக்கியமான ஒன்றில், பாதிக்கப்பட்டவரே ஒரு வழக்கறிஞர். அதுவும் கலிபோர்னியச் சட்டமன்றத்துக்கு மசோதாக்களை வரைந்து கொடுக்கும் அலுவலகத்தில் பணிபுரிந்தவர், 34 வயது. சட்டம் இயற்றப்பட்ட சில மாதங்களில், 1976 பிப்ரவரியில், சைக்கிளில் வேலைக்குப் போகும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. மருத்துவமனையில் தசைப்பிடிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அன்றிரவு மீண்டும் போனபோதும் அதையே சொன்னார்கள். வந்திருந்தது மாரடைப்பு. பொருள்சாரா இழப்புக்கு ஜூரி 5 லட்சம் டாலர் அளித்தது. சட்டம் அதைப் பாதியாக்கியது. 1985-இல் நான்குக்கு மூன்று என்ற வித்தியாசத்தில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாதியை உறுதிசெய்தது. எல்லாருக்குமான பிரீமியத்தைக் குறைக்கும் சுமையை மிகக் கடுமையாகக் காயம்பட்டவர்கள் தலையில் ஏற்றுவது எப்படி நியாயமாகும் என்பது மாறுபட்ட தீர்ப்பளித்த தலைமை நீதிபதி ரோஸ் பேர்டின் வாதம். எனக்கு அது இன்றும் பதில் சொல்லப்படாத வாதமாகவே தோன்றுகிறது.

அந்த 2.5 லட்சம் 47 ஆண்டுகள் அசையவில்லை. விலைவாசியோடு சேர்ந்து ஏறியிருந்தால் 2022-இல் அது சுமார் 13 லட்சம் டாலராகியிருக்கும். ராண்ட் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, 1995 முதல் 1999 வரை பாதிக்கப்பட்டோர் வென்ற கலிபோர்னிய ஜூரித் தீர்ப்புகளைப் பரிசீலித்தது. அவற்றில் 45 சதவீதத்தில் உச்சவரம்பு குறுக்கிட்டிருந்தது. பிரதிவாதிகள் தரவேண்டிய மொத்தத் தொகை 30 சதவீதம் குறைந்திருந்தது. மரண வழக்குகளிலும், ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகளின் வழக்குகளிலும் வெட்டு அடிக்கடி விழுந்திருந்தது. 2022 மே மாதம் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட திருத்தம் 2023 முதல் இதை மாற்றியது. உயிர் பிழைத்தவர்களுக்கு 3.5 லட்சத்தில் தொடங்கி ஆண்டுதோறும் உயர்ந்து 2033-இல் 7.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சத்தில் தொடங்கி 10 லட்சம். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீத உயர்வு.

உச்சவரம்பு என்றதும் அது மேலே இருப்பவர்களைப் பாதிக்கும் விஷயம், ஐந்து கோடி கேட்பவருக்கு ஒரு கோடி கிடைக்கும், அவ்வளவுதான் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அதன் பாதிப்பு வாசலில் நிகழ்கிறது. அமெரிக்காவில் காயம்பட்டவரின் வழக்கறிஞர் முன்பணம் வாங்குவதில்லை. வென்றால் பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை. வழக்குக்கான செலவையும், குறிப்பாக மருத்துவ நிபுணர்களின் சாட்சியத்துக்கான பெருஞ்செலவையும், அவரே தம் கையிலிருந்து போடுகிறார். அவருடைய பங்குக்கும் கலிபோர்னியா வரம்பு விதித்திருந்தது. 2022 வரை இருந்த அளவுகோலின்படி முதல் 50,000 டாலரில் 40 சதவீதம், அடுத்த 50,000-இல் மூன்றிலொரு பங்கு, அடுத்த 5 லட்சத்தில் 25 சதவீதம். சம்பளமில்லாத ஒரு முதியவரின் மரணத்துக்கு முழுமையாக 2.5 லட்சமும் கிடைத்தால்கூட வழக்கறிஞருக்குச் சேர்வது ஏறத்தாழ 74,000 டாலர். அதற்காக மூன்று நான்கு ஆண்டு உழைப்பு, தோற்றுவிடும் அபாயம், கைப்பணம். எந்த வழக்கறிஞரும் தொலைபேசியிலேயே மரியாதையாக மறுத்துவிடுவார். அந்த மறுப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை. வழக்கே இல்லாத இடத்தில் சமரசத்துக்கு என்ன அவசியம்?

மருத்துவர்களின் தரப்பையும் சொல்லவேண்டும். நான் அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வரவில்லை. 1975-இலும் பின்னர் 2002-ஐ ஒட்டியும் பிரீமியம் ஏறியது பொய்யல்ல. மகப்பேறு மருத்துவர்களும் நரம்பியல் அறுவை நிபுணர்களும் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். ஆதாரமற்ற கோரிக்கைகள் வருவதும் உண்மையே. முன்னர் குறிப்பிட்ட 2006 ஆய்விலேயே 37 சதவீதக் கோரிக்கைகளில் தவறு எதுவும் கண்டறியப்படவில்லை. (அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இழப்பீடும் கிடைக்கவில்லை, இந்தப் பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.) இழப்பீடாகத் தரப்படும் ஒவ்வொரு டாலருக்கும் 54 சென்ட், வழக்கறிஞர்கள், நிபுணர்கள், நீதிமன்றம் என்று நடைமுறைச் செலவுக்கே போனதாக அதே ஆய்வு சொல்கிறது. இப்படிப்பட்ட ஓர் ஏற்பாட்டை யாரும் புகழமுடியாது.

மறுபுறம், 1984-ஆம் ஆண்டின் நியூயார்க் மருத்துவமனைக் கோப்புகளை ஆராய்ந்து 1991-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மருத்துவர்களின் கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர்களில் மிகச் சிறு பகுதியினரே வழக்குத் தொடுத்திருந்தார்கள். நோய் இரண்டு பக்கமும் இருக்கிறது; மருந்து ஒரு பக்கத்துக்கு மட்டும் தரப்பட்டது.

அந்த மருந்தாவது வேலை செய்ததா? டெக்சாஸைப் பார்க்கலாம். 2003 செப்டம்பரில், மிகக் குறுகிய வித்தியாசத்தில், வாக்காளர்கள் உச்சவரம்பை அனுமதிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை ஏற்றார்கள். மருத்துவர்கள் தரப்பில் 2.5 லட்சம், மருத்துவமனைகளையும் சேர்த்தால் அதிகபட்சம் 7.5 லட்சம் என்று வரம்பு வந்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் பணவீக்கத்துக்கேற்ப அது உயர்த்தப்படவில்லை. மருத்துவர்கள் மாநிலத்துக்குத் திரளாக வருவார்கள், சிகிச்சைச் செலவு குறையும் என்பவை வாக்குறுதிகள். பெர்னார்ட் பிளாக், டேவிட் ஹைமன், சார்லஸ் சில்வர் முதலிய ஆய்வாளர்கள் இதனைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கோரிக்கைகளும் இழப்பீட்டுத் தொகைகளும் பெருமளவு வீழ்ந்தன. உச்சவரம்பினால் மருத்துவர் எண்ணிக்கை கூடியதற்கோ, முதியோர் மருத்துவச் செலவு குறைந்ததற்கோ அவர்களால் சான்று காணமுடியவில்லை.

இண்டியானாவின் ஏற்பாடு இன்னும் சுவாரசியமானது. அங்கேயும் ஆண்டு 1975 தான். சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் ஓட்டிஸ் பவன் ஊர்ப்புற மருத்துவராகத் தொழில் செய்தவர். அச்சட்டப்படி மருத்துவச் செலவு உட்பட மொத்த இழப்பீட்டுக்கே வரம்பு. படிப்படியாக உயர்ந்து 2019 ஜூலைக்குப் பிந்தைய நிகழ்வுகளுக்கு 18 லட்சம் டாலராகியிருக்கிறது. நீதிமன்றத்துக்கு முன்னால் மூன்று மருத்துவத் துறையினரும் வாக்குரிமையற்ற ஒரு வழக்கறிஞரும் கொண்ட குழு கருத்துச் சொல்லவேண்டும். மருத்துவரின் காப்பீடு முதற்பகுதியைத் தரும். மிச்சத்தை மருத்துவர்களிடம் வசூலித்து மாநிலம் நடத்தும் ஒரு நிதி தரும்.

அந்த நிதியின் கதவு திறக்க ஒரு சாவி வேண்டும். மருத்துவரின் பங்கு 2.5 லட்சமாக இருந்த காலத்தில், உடனடியாகத் தரும் பணமும், எதிர்காலத் தவணைகளுக்காக இன்று செலவிடும் பணமும் சேர்ந்து 1,87,000 டாலரை மீறினால் போதும், அவர் தம் பங்கைச் செலுத்தியதாகக் கொள்ளப்படும் என்று சட்டம் சொன்னது. ஆகவே அம்மாநிலத்தில் சமரசங்கள் ஒரு விநோதமான எண்ணில் வந்து நின்றன: 1,87,001 டாலர். மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் அதே 1,87,001. தவறான காலை அறுத்ததற்கும் அதே 1,87,001. அந்தக் கடைசி ஒரு டாலரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நம் பக்கத்தில் மொய் எழுதும்போது நூற்றோடு ஒன்று சேர்த்து வைப்போம், உறவு முடிந்துவிடாமல் தொடரட்டும் என்பதற்காக. இண்டியானாவின் ஒரு டாலர் எந்த உறவையும் தொடர்வதற்கானதன்று. சட்டத்தின் 'மீறினால்' என்ற ஒற்றைச் சொல்லுக்குச் செலுத்தும் கட்டணம். ஆனால் அதைச் செலுத்தியவுடன் அற்புதமான ஒன்றும் நடக்கிறது. நிதியிடம் மிச்சத்தைக் கோரும்போது, மருத்துவரின் பொறுப்பு ஒப்புக்கொள்ளப்பட்டு நிலைநாட்டப்பட்டதாக நீதிமன்றம் கொள்ளவேண்டும். மருத்துவர் வாயால் ஒருபோதும் சொல்லாத ஒப்புதலை அந்த ஒரு டாலர் சொல்லிவிடுகிறது.

இனி முன்னர் சொல்லாமல் விட்ட இரண்டாவது காரணம். தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் அமெரிக்காவுக்குப் போய்வந்த அம்மா ஒருவர் இருப்பார். மகளுக்குப் பேறுகாலம், மருமகளுக்குப் பேறுகாலம், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பருப்புப்பொடியும் பிரசவ லேகியமும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஆறு மாத விசாவில் போகிறார்கள். பலர் கணவரை இழந்தவர்கள். பலருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. அவர்களில் ஒருவர் ஃபுளோரிடாவில், டாம்பாவிலோ ஒர்லாண்டோவிலோ, ஒரு மருத்துவமனையின் அப்பட்டமான கவனக்குறைவால் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1990-இல் ஃபுளோரிடா தன் மரண இழப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியது. துணை உயிரோடு இல்லாதபோது, 25 வயதைக் கடந்த பிள்ளைகளும் பெற்றோர் மரணத்தால் அடைந்த மனவேதனைக்கு இழப்பீடு கேட்கலாம் என்ற உரிமை அப்போது வந்தது. கூடவே ஓர் உட்பிரிவும் வந்தது. இறப்புக்குக் காரணம் மருத்துவக் கவனக்குறைவாக இருந்தால் அந்த உரிமை இல்லை. அவ்வாறே, மணமாகாத, குழந்தையில்லாத, 25 வயதைக் கடந்த மகனையோ மகளையோ மருத்துவமனையில் இழந்த பெற்றோருக்கும் இல்லை. அதாவது நம் கற்பனை அம்மாவை லாரி ஒன்று மோதிக் கொன்றிருந்தால் டாம்பாவின் மகன் தன் துயரத்துக்காக வழக்காடலாம். மருத்துவமனை கொன்றால் ஈமச் செலவையும் சிகிச்சைச் செலவையும் தாண்டி அநேகமாக ஒன்றுமில்லை. அதை வாங்கித் தர எந்த வழக்கறிஞரும் வரமாட்டார். ஆகவே சமரசம் பேச மருத்துவமனைக்கு எந்த நிர்ப்பந்தமும் கிடையாது. இந்த உட்பிரிவுக்கு அங்குள்ள மக்கள் வைத்த பெயர் 'இலவசக் கொலை'. மக்கள் வழக்கின் சொல்லாக்கத் திறமை எல்லா மொழிகளிலும் ஒன்றுதான் போலும்.

பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழனுக்கு அமைச்சர்கள் சொன்ன யோசனை நினைவுக்கு வருகிறது. கன்றைக் கொன்றதற்குச் சாத்திரம் விதித்த கழுவாய் ஒன்று உண்டு, அதைச் செய்துவிடலாம் என்றார்கள். அரசன் அதை மறுக்கக் காரணம் அது சிறிய தண்டனை என்பதன்று. இன்னொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் கழுவாயா என்று கேட்கிறான். கொன்றவன் யார் என்பதைப் பொறுத்து இரண்டு சட்டமா என்பதே அவனுடைய கேள்வி. தேரோட்டிய மகனைத் தேர்க்காலிலேயே இடுவது எனக்கு ஏற்புடையதா என்பது வேறு விவாதம். மாணவர்களோடு அதை ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஆனால் லாரிக்கு ஒரு சட்டம், மருத்துவமனைக்கு ஒரு சட்டம் என்பதைக் கேட்டால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஃபுளோரிடாவின் உச்ச நீதிமன்றம் இந்த உட்பிரிவு செல்லும் என்று 2000-இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம்தான், மருத்துவ வழக்குகளுக்கென்று மாநிலம் 2003-இல் விதித்த உச்சவரம்புகளை 2014-இலும் 2017-இலும் ரத்துசெய்தது. அதாவது வழக்காட உரிமையுள்ளவருக்கு வரம்பில்லை. மற்றவருக்கு வாசலே இல்லை. 2025-இல் சட்டமன்றத்தின் இரு அவைகளும் இந்த உட்பிரிவை நீக்க மசோதா நிறைவேற்றின. ஆளுநர் ரான் டிசான்டிஸ் அவ்வாண்டு மே மாதம் அதைத் தடுத்துவிட்டார். உச்சவரம்பு இல்லாமல் இந்த வாசலைத் திறந்தால் பிரீமியம் ஏறும், மருத்துவர்கள் மாநிலத்தை விட்டுப் போவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவில் கேட்ட அதே குரல்.

உச்சவரம்பே இல்லாத நியூயார்க்கில் நிலைமை மேலானது என்று நினைத்தால், அங்கே வேறு ஒரு பூட்டு. 1847-இல் இயற்றப்பட்ட மரண இழப்பீட்டுச் சட்டம் இறந்தவரின் குடும்பத்துக்கு நேர்ந்த பண இழப்பை மட்டுமே கணக்கில் கொள்கிறது. குடும்பத்தாரின் துக்கத்தையும் சேர்க்கும் மசோதா மீண்டும் மீண்டும் நிறைவேறி, 2023 ஜனவரியிலும், அதே ஆண்டு டிசம்பரிலும், 2024 டிசம்பரிலும் ஆளுநர் கேத்தி ஹோக்கலால் தடுக்கப்பட்டது. இந்த 1847-க்கு ஓராண்டு முந்தைய மூலம் இங்கிலாந்தின் காம்ப்பெல் பிரபு சட்டம். ரயில் விபத்துகள் பெருகிய காலத்தில் உருவானது. அதன் இன்னொரு கிளைதான் 1855-இல் நமக்கு வந்த மரண விபத்துகள் சட்டம். ஆக, ஆல்பனியில் பூட்டிக் கிடக்கும் அந்தப் பழைய பெட்டியின் ஒரு சாவி நம் வீட்டுப் பரணிலும் கிடக்கிறது.

தொகைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் தொகையை அல்ல. என்ன நடந்தது என்பதைத்தான். அங்கும் மாநிலச் சட்டம் குறுக்கே வருகிறது. ஆங்கிலத்தின் 'சாரி' நம் மொழியில் இரண்டு சொற்கள். 'வருந்துகிறேன்' என்றால் உங்கள் துன்பத்தில் பங்குகொள்கிறேன். 'மன்னித்துவிடுங்கள்' என்றால் தவறு என்னுடையது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருப்பதால் அமெரிக்கச் சட்டமன்றங்கள் அதைப் பிளக்கவேண்டி வந்தது. 1986-இல் மாசசூசெட்ஸ் முதலில் செய்தது: விபத்துக்குப் பின் தெரிவிக்கும் அனுதாபத்தைச் சாட்சியமாக்கக் கூடாது. அதற்குப் பின்னணியில் இருந்தவர் வில்லியம் சால்டன்ஸ்டால் என்ற செனட்டர். சைக்கிளில் சென்ற தம் மகளைக் காரால் மோதிக் கொன்றவர் ஒரு வார்த்தைகூட வருத்தம் சொல்லவில்லை, சொன்னால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்தில். மகளை இழந்த தந்தைக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை.

பின்னர் பல மாநிலங்கள் இவ்வகைச் சட்டம் இயற்றின. பெரும்பாலானவை கலிபோர்னியாவைப் போல 'வருந்துகிறேன்' என்பதற்கு மட்டுமே காப்பளிக்கின்றன. 'தவறு என்னுடையது' என்றால் அது சாட்சியமாகும். கொலராடோவின் 2003 சட்டம் இரண்டுக்கும் காப்பளிக்கிறது. எனவே ஒரு மாநிலத்தில் மருத்துவர் வாக்கியத்தின் முற்பாதியோடு நிறுத்திக்கொள்ளவேண்டும்; இன்னொன்றில் முழுவதும் சொல்லலாம். இலக்கணம் மாநில எல்லையில் மாறுகிறது.

வாக்கியம் முடியாமலேயே பணம் கைமாறும்போது, வாங்குகிறவரின் வாயும் மூடப்படுகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ அமைப்பின் சமரசங்களைப் பற்றி 2015-இல் வெளிவந்த ஆய்வில், அவற்றில் ஏறத்தாழ 89 சதவீதம் வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டிருந்தன. மருத்துவர்களுக்காகத் தரப்படும் இழப்பீடுகளைப் பதிவுசெய்ய 1990 முதல் மத்திய அரசின் தகவல் வங்கி ஒன்று இயங்குகிறது. மருத்துவமனைகளும் உரிமம் வழங்கும் வாரியங்களும் அதைப் பார்க்கலாம். நாளை அதே மருத்துவரிடம் கத்திக்குக் கீழே படுக்கப்போகிறவர் அவர் பெயரை அதில் தேடமுடியாது. தொகைக்கு வைத்த வரம்பைக்கூட ஒருவகையில் விவாதிக்கலாம். ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்வதற்கு வைத்த வரம்பை என்னால் ஏற்கமுடியவில்லை.

எல்லாச் சட்டங்களும் வாயை அடைப்பதற்கே பயன்படுகின்றன என்றும் சொல்லிவிடமுடியாது. மிச்சிகனில் மருத்துவர்மீது வழக்குத் தொடுப்பவர் 182 நாள்களுக்கு முன்பே அறிவிப்பு அனுப்பவேண்டும் என்று 1993-இன் சட்டம் விதித்தது. வழக்குகளைத் தாமதப்படுத்தும் தந்திரம் என்றே அதைப் பலரும் பார்த்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் அந்த ஆறு மாதத்தைக் குடும்பத்தாரோடு பேசுவதற்கு எடுத்துக்கொண்டது. என்ன நடந்தது என்று தானே விசாரித்தது. தவறு தன்னுடையது என்று கண்டால் சொன்னது. இழப்பீட்டைத் தானே முன்வந்து அளித்தது. தவறு இல்லை என்று கண்டால் விட்டுக்கொடுக்காமல் நின்றது. 2010-இல் வெளிவந்த ஆய்வு, அதன்பின் புதிய கோரிக்கைகளும், அவை முடிய ஆகும் காலமும், மருத்துவமனைக்கு ஆகும் செலவும் குறைந்திருந்ததைக் காட்டியது. அதே 1993 சட்டம்தான் மிச்சிகனின் உச்சவரம்பையும் இறுக்கியது. பிரீமியத்தைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்கள் உச்சவரம்பின் பெருமையைச் சொல்கிறார்கள். அந்த 182 நாள்களைப் பற்றி அவர்கள் பேசி நான் அதிகம் படித்ததில்லை.